பயிற்சித் தாளில் வந்த செய்தி

ராயபுரம்,
1934 ஆகஸ்டு 12.

என் பிரியமுள்ள கணவருக்கு, தேவப்பிரியம் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அங்கே இப்போதே குளிர்கிறதென்று எழுதியிருந்தீர்கள். பெட்டியின் அடியில் நான் மடித்து வைத்த கம்பளிச் சட்டையை எடுத்தீர்களா? எடுத்திருக்க மாட்டீர்கள்.

லண்டனில் படிப்புக்காகப் பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகளைப் பிரிக்கும்போது நம் ஊர் வாசனை வருகிறதென்று எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஊர் வாசனைக்கு அம்மாந்தூரம் கப்பல் ஏறணுமா? நம்ம வூட்டாண்ட வரச் சொல்லு, கருவாடு காயுது" என்றார். ரயில்வேயை விட்ட பிறகு அவருக்குப் பேச்சுதான் உத்தியோகம். ஆனால் சாயங்காலம் பாதிரியாரிடம், "என் மவன் ஹென்றி திரும்பி வந்தா காலேஜ்ல பத்திரிகைப் படிப்புக்கே பெரிய வாத்தியார் அவன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டேன்.

உங்கள் மாலைப் பத்திரிகை வகுப்பு நிற்கவில்லை. நீங்கள் போனதும் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள் என்று பிரின்சிபால் நினைத்தார். இப்போது முன்னைவிட ஒழுங்காக வருகிறார்கள். நீங்கள் சொன்னபடி, தாவூது சாயபு அச்சுக்கூடத்திலிருந்து வரும், பிள்ளைகளே செய்தி எழுதும் பயிற்சித் தாளின் புரூபை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான்தான் திருத்துகிறேன். சாயபு மகன் ஜஹாங்கீருக்கு இன்னும் 'ல'கரமும் 'ள'கரமும் சண்டைதான். நீலமேகம் எழுதுவதில் நான் கை வைக்க வேண்டியதே இல்லை. புளியந்தோப்பிலிருந்து நடந்தே வருகிறான். அவர்கள் பௌத்த சங்கத்தார் கூடிப் படிக்க வைக்கும் பிள்ளை என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனாலோ என்னவோ, ஒரு வரியையும் வீணாக்குவதில்லை.

போன மாதம் வந்த உங்கள் கடிதத்தில், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஒரு பக்கம் இருந்ததல்லவா? அந்தப் பத்திரிகைகளில் செத்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, ஒருவருடைய பெயர்கூட இல்லை, அதை எழுதாதவன் பத்திரிகைக்காரன் இல்லை, குமாஸ்தா என்று கோபமாக எழுதியிருந்தீர்கள். அதை வகுப்பில் வாசித்தேன்.

அடுத்த வாரமே திருவொற்றியூரில் ஒரு கடலைக் கிடங்கின் சுவர் மழையில் இடிந்து விழுந்தது. உள்ளே கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் செத்துப்போனார்கள். தினசரிகளில் "கூலிகள் சிலர் மரணம்" என்று ஒரு மூலையில் போட்டார்கள். நம் பிள்ளைகள் உங்கள் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். செத்த பெண்களின் பெயர், வயது, யாருக்கு யார் என்று எல்லாம் விசாரித்து வந்தார்கள். சுவர் சாய்ந்திருக்கிறதென்று அந்தப் பெண்கள் கிடங்கு மேஸ்திரியிடம் முன்பே முறையிட்டதையும் எழுதினார்கள். நீங்கள் கற்பித்தபடி, யார் சொன்னது, அவர் கண்டதா கேட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருந்தது. பூவம்மா என்ற பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம்.

நான் புரூபைப் படித்துப் பார்த்து அனுப்பினேன். திருத்த ஒன்றும் இல்லை. தாள் வெளிவந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கிடங்கு யாருடையது என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் காலேஜ் நிர்வாக சபையில் இருப்பவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
தேவப்பிரியம்.


ராயபுரம்,
செப்டம்பர் 9.

என் பிரியமுள்ள கணவருக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மாமாவுக்கு இருமல் தேவலை. மற்றபடி சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கோர்வையாக வருமோ தெரியாது.

காலேஜ் காரியதரிசி என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினார். "அம்மணி, பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள். அடுத்த தாளில், அந்தச் செய்தி விசாரிக்காமல் எழுதப்பட்டது, வருந்துகிறோம் என்று இரண்டு வரி போட்டுவிடட்டும். எழுதிய பையன் நீலமேகத்தை மட்டும் நிறுத்திவிடுவோம். உங்கள் கணவர் திரும்பி வரும்போது அவருக்கு ஒரு வகுப்பு இருக்க வேண்டாமா?" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். டிராமில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன்.

மாமாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னாம்மா நீ, அவன் ஊர்ல இல்லாத சமயத்துல அவன் நாற்காலிய நீயே கவுத்துருவே போலக்கீதே. செத்தவங்க செத்துட்டாங்க. ரெண்டு வரி எழுதிக் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?" என்றார். அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அதனால், விசாரிக்காமல் எழுதினார்களா என்று நானே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். ஜஹாங்கீரைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் போனேன். பூவம்மாவின் தாயார் கெங்கம்மா குடிசை வாசலில் மீன் வலைக்கு நூல் திரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று ஜஹாங்கீர் சொன்னதும், "வாத்தியார் சம்சாரமா? குந்து" என்றாள். உள்ளே போய், நான்காய் மடித்த நம் பயிற்சித் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "எம்பொண்ணு பேரு எங்க கீதுன்னு காமி. அந்தப் பையன் காமிச்சான், எனக்கு மறந்துபூடுது" என்றாள். நான் அவள் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் வைத்தேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். "செவுரு வவுறு தள்ளிகினு கீதுன்னு எம்பொண்ணு போய்ச் சொன்னாம்மா. நானும் கூடத்தான் நின்னுகினு இருந்தேன். மேஸ்திரி இன்னா சொன்னான் தெரியுமா? வவுறு தள்ளினா புள்ள பொறக்கும், போய் வேலயப் பாருன்னான். எல்லாரும் சிரிச்சாங்கோ. அதுவும் சிரிச்சுகினேதான் உள்ள போச்சு."

திரும்பும் வழியில் ஜஹாங்கீர், "அம்மா, இந்தப் பேச்சையும் நீலமேகம் எழுதி வெச்சிருந்தான். மேஸ்திரி வாயால கேட்டா சரி, இல்லேன்னா வாணாம்னு அவனே எடுத்துட்டான். மேஸ்திரிய ரெண்டு தபா தேடிப் போனான், பேச மாட்டேன்னுட்டாரு" என்றான். விசாரிக்காமல் எழுதினார்கள் என்று இதற்குப் பிறகு என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

நேற்று நிர்வாக சபை கூடியது. நான் போய் நின்றேன். அந்த அறையில் பெண் பிள்ளை நின்று பேசியது அதுதான் முதல் தடவையாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "இந்தப் பிள்ளைகள் என் கணவர் கற்பித்தபடிதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெயர் தப்பு, ஒரு வார்த்தை பொய் என்று காட்டுங்கள், நானே வருத்தம் தெரிவித்து எழுதித் தருகிறேன். அவர் இங்கே இருந்தால் இதையேதான் சொல்லுவார்" என்றேன். கிடங்கு முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதையும் காட்டவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். தப்பென்றால் எழுதுங்கள். இந்தத் தபால் உங்களுக்குக் கிடைப்பதற்குள் என்ன ஆகுமோ. ஆனால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் சாப்பிடுகிறேன்.

உங்கள்,
தேவப்பிரியம்.


ராயபுரம்,
அக்டோபர் 7.

என் கணவருக்கு,

நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது. கூரையில் ஒழுகிய இடத்தை மாமா தாமே ஏறி அடைத்தார். சொன்னால் கேட்கவில்லை.

சபை மறுபடி கூடியது. என்னையும் அழைத்திருந்தார்கள். காரியதரிசி என்னைப் பேசச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்து வாசித்தார். உங்களுக்கு அவர்களே தந்தி கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. "அந்தச் செய்திக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் போதனைக்கு விரோதமாக நடந்திருக்கிறார்கள். வருந்துகிறேன்" என்பது பதில். வாசித்துவிட்டு, என் பக்கம் நீட்டி, "பார்க்கிறீர்களா அம்மணி?" என்றார். பார்த்தேன். உங்கள் பெயர் இருந்தது.

தந்தியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நீலமேகத்தைக் காலேஜை விட்டு விலக்கினார்கள். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. மாலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள், நீங்கள் வந்த பிறகு புதிதாகத் தொடங்கலாமாம். உங்கள் உத்தியோகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று காரியதரிசி வாசல்வரை வந்து சொன்னார். மாமாவுக்கு இதைச் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

அவர்கள் உங்களிடம் என்ன சொல்லிக் கேட்டார்களோ. படிப்பை நிறுத்தித் திருப்பி அழைத்துவிடுவோம் என்று மிரட்டியிருக்கலாம். பிள்ளைகள் பொய் எழுதினார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்நிய ஊரில், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல், மறுநாளே பதில் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். என் இரண்டாவது கடிதம் அப்போது நடுக்கடலில் இருந்திருக்கும். இதையெல்லாம் துணி துவைக்கும்போதும், அரிசி களையும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. தந்தி கொடுத்த பிறகு எழுதியது, தேதியைப் பார்த்தேன். பனி மூட்டம், வீட்டுக்காரியம்மாளின் பூனை, பஞ்ச காலத்து இதழ்களில் இன்னும் இரண்டு கட்டு கிடைத்தது, எல்லாம் இருந்தது.

பிள்ளைகள் சனிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்கள். தாவூது சாயபுவும் வந்திருந்தார். "காலேஜ் பேரு இல்லேன்னா போவுது. மை அதே மைதான், மிஷினு அதே மிஷினுதான். வேற பேருல தாளு போட மாஜிஸ்திரேட்டு கச்சேரியில மனு குடுத்துட்டேன்" என்றார். இனிமேல் வகுப்பு நம் முன்கூடத்தில் நடக்கும். யார் நடத்துவது என்று கேட்டார்கள். வேறு யாரும் இல்லாததால் நான் சரி என்றேன்.

தந்தியை அவர்களிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். சபைக்காரர்கள் சொல்லித் தெரிவதைவிட நான் சொல்லித் தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜஹாங்கீர்தான் முதலில், "சார் அங்க தனியா கீறாரும்மா. இன்னா கஷ்டமோ. வுடுங்க" என்றான். நீலமேகம் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே, "தந்தியில கையெழுத்து இருக்காது இல்லம்மா?" என்று கேட்டான். இருக்காது, அச்செழுத்துதான் என்றேன். "அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அப்புறம் அவன் வரவில்லை. துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். ஜஹாங்கீர் போய்க் கூப்பிட்டதற்கு, எழுத்து வேலை இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

உங்கள் மேல் கோபமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. கோபமென்றால் உட்கார்ந்து அழுதிருப்பேன். நான் உட்காரவே இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நிற்கிறேன், நீங்கள் வருவதற்கு இன்னும் வருஷம் ஒன்று இருக்கிறதென்று தெரிந்தும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு எழுத வேண்டிய அடுத்த கடிதத்தை நீலமேகத்துக்கு எழுதுங்கள். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் எழுதியது சரியான செய்தியா இல்லையா என்று வாத்தியாராக உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். புளியந்தோப்பு பௌத்த சங்க விலாசத்துக்குப் போட்டால் அவன் கைக்குப் போய்ச் சேரும். அந்த வாரத் தபாலில் எனக்கு ஒன்றும் வராவிட்டால் நான் குறைப்பட மாட்டேன். வராவிட்டால்தான் நிம்மதி.

சர்வேசுரன் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். தந்தி மட்டும் வேண்டாம். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தேவப்பிரியம்.