கேஸ் தானாகப் போகாது

மச்சான்,

நேற்று உன் காரை மாடம்பாக்கத்தில் ஒரு ஏ.சி. கடைக்குக் கொண்டுபோனோம். ஓட்டியது லதா. ஆமாம், உன் மனைவிதான். நீ போன பிறகு கற்றுக்கொண்டாள், உன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள், கோபித்துக்கொள்ளாதே. வண்டி ஓடும்போது ஜில்லென்று வருகிற காற்று, பெருங்களத்தூர் சிக்னலில் நின்றதும் இட்லிப் பானையைத் திறந்ததுபோல் ஆகிவிடுகிறது. கடைக்காரர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். "கேஸ் கம்மியா கீது சார். ஃபுல் பண்ணிடலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் லதாவின் முகத்தைப் பார்க்காமல் பானெட் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ இறந்த அன்று காலை நமக்குள் நடந்ததை இரண்டு வருடமாக லதாவிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறேன். அவளோ பக்கத்தில் நின்றுகொண்டு, "கேஸ்னா என்னண்ணா, அடிக்கடி போடணுமா?" என்று கேட்கிறாள்.

உனக்குத்தான் அந்த வார்த்தையே ஆகாதே. நீ கல்லூரி நூலகர். ஸ்பேனரைப் பிடிக்கும் பக்கம்கூட உனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பழைய டீசல் காரை வாங்கிய நாளிலிருந்து அதன் ஏ.சி.க்கு நீதான் குடும்ப வைத்தியர். எந்த மெக்கானிக் 'கேஸ்' என்று வாயெடுத்தாலும், "கேஸ் தானா போகாது. போன வழியக் காட்டச் சொல்லு" என்பாய்.

இதே கோளாறு முதல்முறை வந்தபோது, வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து காற்று வரும் துவாரத்தில் செருகினாய். வண்டி ஓடும் வரை பாதரசம் அசையவில்லை. தாம்பரம் சிக்னலில் நின்றதும் விறுவிறுவென்று ஏறியது. "நூத்தி நாலு!" என்று கத்தினாய். அடுத்த சிக்னலுக்கு முன்னால் அதை இறக்கவேண்டுமே, கையை வெளியே நீட்டி உதறிக்கொண்டிருந்தாய். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றார். நீ துளிக்கூடச் சிரிக்காமல், "ஓடுனா நார்மல், நின்னா ஜுரம்" என்று பதில் சொன்னாய். அவரும் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார்.

அப்புறம் அந்தத் தண்ணீர் லாரி. மேடவாக்கத்தில் நம் முன்னால் போன லாரி ஒரு குழியில் இறங்கி ஏற, ஒரு குடம் தண்ணீர் நம் வண்டியின் முகத்தில் வந்து விழுந்தது. அடுத்த நிமிடம் உள்ளே ஊட்டி. நீ ஸ்டியரிங்கைத் தட்டி, "கண்டன்சர்டா!" என்றாய். முன்னால் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும் கண்டன்சர் சூடாகிறது, அதற்குக் காற்று வீசும் ஃபேன் சுற்றவில்லை, வண்டி ஓடினால் எதிர்க்காற்று பார்த்துக்கொள்கிறது என்று விளக்கினாய். விளக்கம் சரிதான். ஆனால் ஃபேனைச் சரிசெய்யாமல் அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் லாரிகளின் பின்னாலேயே அலைந்தாயே, அதுதான் தாங்கவில்லை. ஒரு லாரியைத் தொடர்ந்து ஏதோ ஓர் அடுக்குமாடிக்குள்ளேயே போய்விட்டோம். வாட்ச்மேன் நோட்டோடு வந்து, "நீங்க ரெண்டாவது லோடா?" என்று கேட்டார்.

கடைசியில் கெட்டுப்போனது ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே என்று கண்டுபிடித்தாய். தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா. ஹாரனுக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கி இதில் செருகினாய். ஃபேன் சுற்றியது, ஹாரன் செத்தது. புது ரிலே கிடைக்கும் வரை ஜி.எஸ்.டி. சாலையில் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, கொஞ்சம் ஓரம்!" என்று நீயே ஹாரனாக இருந்தாய். திறந்த ஜன்னல் வழியாக மொத்தக் குளிரும் வெளியே போனது.

நீ இறந்த அன்று காலை அந்த ஏ.சி.யில் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு முந்தைய நாள், கரும்பு வாங்கக் கிளம்பிப் பெருங்களத்தூர் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸ்டா. நேத்து வடை ஜாஸ்தி" என்றாய். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நான் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தேன், விரல் மரத்துப்போகும் குளிர். "ஏ.சி. நல்லாத்தான வருது, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றேன். "கூலிங் பத்தல" என்று நீ ஏ.சி.யைக் கூட்டினாய். நான் இறங்கிப் போய் சோடா வாங்கி வந்தேன். குடித்துவிட்டு ஏப்பம் விட்டாய். "பாத்தியா?" என்றாய். இருவரும் சிரித்தோம். மத்தியானம் நீ இல்லை.

மச்சான், நீ காருக்குப் பார்த்ததில் கால்வாசிகூட நான் உனக்குப் பார்க்கவில்லை. கேள்வி சரியாகத்தான் கேட்டேன். பதிலை ஏன் நம்பினேன் என்றுதான் இன்னும் என்மேல் ஆத்திரமாக வருகிறது.

நேற்று அந்தக் கடையில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, வண்டியின் முன்னால் ஊற்றினேன். குளிர் வந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார் மெக்கானிக்கா?" என்றார். "இல்லீங்க, லைப்ரரி" என்று வாயில் வந்துவிட்டது. மறுபடியும் ரிலேதான். புதிது போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் லதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேர்வை, சோடா, சிரிப்பு, எதையும் விடவில்லை. அவள் வண்டியை ஓரங்கட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"வீட்டுக்கு வந்து என்கிட்டயும் கேஸ்னுதாண்ணா சொன்னாரு. நான் ஓமத்தண்ணி போட்டுக் குடுத்தேன். தலைக்கு மேல வேலை கெடக்கு, சும்மா படுக்காதீங்கன்னு வேற சொன்னேன். இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ரெண்டு வருஷமா..."

வண்டியைக் கிளப்பச் சாவியில் கை வைத்தாள். பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஏன் நெஞ்சைத் தடவுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, லேசா கேஸ்..."

சொல்லி முடிக்கவில்லை, நான்கு கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன. வந்த வழியே வண்டியைத் திருப்பினாள். ஹாரனில் வைத்த கையை மருத்துவமனை வாசல் வரை எடுக்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் உட்காரவைத்து மறுபடியும் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து, "பயப்படாதீங்க சார், வெறும் கேஸ்தான்" என்றார்.

உன் சாவு வீட்டில்கூட என் முன்னால் அழாத லதா, அங்கே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உனக்கு எடுத்திருக்க வேண்டிய அந்த ஈ.சி.ஜி. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று சட்டை மாற்றினேன், தாளையும் எடுத்து இந்தச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.