கேட்காமல் விட்ட கேள்வி

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். இருவரும் சௌக்கியம்தானே? பாப்பாவுக்கு இருமல் விட்டதா? இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன்.

குடிப்பவர்களின் வீட்டாருக்காக எங்கள் ஆபீஸில் செய்யும் செயலியை நேற்று ஒரு டெய்லரக்காவிடம் காட்டினோம். அவர் வீட்டுக்காரர் குடிப்பவர். செயலி தினமும் கேட்கும் முதல் கேள்வி, "நேற்று அவர் குடித்தாரா?" எழுதியது நான்தான்.

அக்கா போனை மேசையில் வைத்துவிட்டார். "ஏம்மா, இதைத்தான் நானே நாள் முழுக்கக் கேட்டுச் சாகுறேன். கேட்டுக் கேட்டு அந்த மனுஷன் பொய்யில தேறிட்டாரு. நான் தூங்கினேனான்னு ஒரு வார்த்தை கேளேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கேள்வியை "நேற்று நீங்கள் தூங்கினீர்களா?" என்று மாற்றினேன். சோதித்துப் பார்க்க நானே பதில் அழுத்தினேன்: இல்லை.

நீங்கள் குடியை விட்டு நாலு மாதமாகிறது. தினமும் அதையே கேட்டு உங்களைப் படுத்திவிட்டேன். போனில் பேசினால் கேள்வி வாய்க்கு வந்துவிடும், அதனால்தான் கடிதம். இதில் கேட்கவில்லை, பாருங்கள்.

மாடிக் கதவைப் பூட்டி வையுங்கள். பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். அவளைப் படம் எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் எடுங்கள். உங்கள் கண் நன்றாகத் தெரியட்டும்.

அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். நிறுத்துகிறேன்.

பாப்பா அம்மா