பல்லுக்கு முந்திய மிட்டாய்

மார்ச் 4

என் அன்புத் தையல்காரிக்கு,

நலம். கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. சாரத்திலிருந்து விழுந்த என்னைக் காண்ட்ராக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனை விடு, செய்தி வேறு.

நம் வீட்டுக் குட்டி முதலாளியம்மாவுக்குப் பல் முளைத்துவிட்டது! ஒரு வாரமாக எச்சில் வழிந்து சட்டை சட்டையாக நனைக்கிறாள். முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சம்பளம் கேட்ட ஆளைப் பார்ப்பதுபோல் என்னை முறைக்கிறாள். இன்று வாயைத் திறந்து பார்த்தால், கீழ் ஈறில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒன்று. நாலாம் மாதத்திலேயே! தெருவில் ஒருவரையும் விடவில்லை, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக்கார அம்மா, "நகத்தால லேசா கீறி விடுப்பா, சடக்குனு வெளிய வந்துடும்" என்றார். உன்னைக் கேட்காமல் தொட விட மாட்டேன்.

உன் கம்பெனி விடுதியில்தான் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதனால் அங்கே வரும் சரக்கு வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் நொண்டிப் பெயின்டர்


மார்ச் 7

அன்புள்ள பெயின்டருக்கு,

கடிதத்தை மெஷினுக்கு அடியில் வைத்துப் படித்தேன். ஒரு காலர் கோணலாகப் போனது, போகட்டும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வரிசை முழுக்க மிட்டாய் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அந்தக் கழிப்பறையில்தான் தினமும், மார்பு கட்டிக்கொள்ளும்போது, பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறேன். அவள் அங்கே டப்பாப் பால் குடிக்கிறாள். என் பாலை இங்கே சாக்கடை குடிக்கிறது. என் பிள்ளையின் முதல் பல்லைத் தெருவே பார்த்துவிட்டது, நான் பார்க்கவில்லை. இன்னும் எதையெல்லாம் வேன் டிரைவர் கொண்டுவந்து தரப்போகிறாரோ!

இரண்டு நாள் லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "பல்லு அது பாட்டுக்கு வரும். நீ போய் என்ன, பிடிச்சு இழுக்கப் போறியா?" என்று சிரித்தான். இங்கே 'குழந்தைகள் அறை' என்று போர்டு மாட்டிய அறை ஒன்று உண்டு. உள்ளே முழுக்க அட்டைப்பெட்டிகள். வெளியாட்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் பெட்டிகளைத் திரை போட்டு மறைத்து, தொட்டில் கட்டி, அதில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைப்பார்கள். பொம்மைக்குக் கிடைக்கிற இடம் நம் பிள்ளைக்கு இல்லை.

வீட்டுக்கார அம்மாவின் நகம் அவள் வாய்ப் பக்கம் போனால் உங்கள் இன்னொரு காலை நான் உடைப்பேன். நர்ஸிடம் காட்டுங்கள்.

உங்கள் தையல்காரி


மார்ச் 12

அன்புத் தையல்காரிக்கு,

கொடுத்த மிட்டாயைத் திரும்ப வாங்க முடியுமா? அது பல் இல்லை.

நர்ஸ் கையுறை போட்டுத் தடவிப் பார்த்தார், சிரித்தார். "ஈறுல வர்ற சின்னக் கொப்புளம்பா. நிறைய குழந்தைங்களுக்கு வரும், தானா மறைஞ்சிடும். கீறி வைக்காதீங்க, புண்ணாயிடும்."

"அப்ப இந்த எச்சில்? கை சப்புறது?"

"இந்த வயசுல எல்லாம் அப்படித்தான். பல்லு பெரும்பாலும் ஆறு மாசத்தை ஒட்டித்தான் வரும். அதுக்குள்ள ஊரைக் கூட்டியாச்சா?"

தெருவில் இப்போது என் பெயர் பல் டாக்டர். தலை காட்ட முடியவில்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில் ஒன்று உறைத்தது. ஊன்றுகோலோடு நடுத்தெருவில் குதித்தேன். நீ எதையும் தவறவிடவில்லையடி! முதல் பல் இன்னும் வரவே இல்லை.

உன் பல் டாக்டர்


ஏப்ரல் 2

அன்புள்ள பல் டாக்டருக்கு,

'இன்னும் வரவே இல்லை' என்ற அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடவில்லை.

விஷயம் சூப்பர்வைசர் காதுக்கும் போய், தினமும் நக்கல்: "என்ன, பல்லு வந்துச்சா, இல்ல கொப்புளம்தானா?" நேற்றும் கேட்டான். துணி வாங்கும் கம்பெனியின் ஆட்கள் வருகிற நாள் அது. பொம்மை தொட்டிலில் ஏறியாயிற்று. நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். "இன்னும் வரல சார். வர்றப்ப நான் பக்கத்துல இருப்பேன். அந்த ரூமைக் காலி பண்ணுங்க."

எனக்குப் பின்னால் பட்டன் அக்கா எழுந்தாள். இரட்டைப் பிள்ளைகளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். அப்புறம் வரிசையே எழுந்தது. நாங்களே திரையைக் கிழித்து, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் அறை வாசலில் அடுக்கினோம். அவர் உள்ளே. வெளியே வர வழியில்லை. வந்தவர்களின் காரோ கேட்டில் ஹார்ன் அடிக்கிறது.

"அம்மா, பேசிக்கலாம்மா! முதல்ல பெட்டியை எடுங்கம்மா!"

"பேச்சு வேணாம் சார். சாவியும், பால் குடுக்க நேரமும். எழுதிக் குடுங்க."

கையெழுத்துப் போட்ட காகிதமும் சாவியும் கதவுக்கு அடியில் வந்தன. இத்தனை நாள் எங்கள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இவ்வளவுதானா என்று எங்களுக்கே சிரிப்பு வந்தது.

அறையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம். பிள்ளை வளர்க்கவும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பின் தெருவில் வாடகைக்கு இடமும் பார்த்துவிட்டேன். கட்டைப் பிரித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். அந்தப் பொம்மையைக் கழுவி வைத்திருக்கிறேன், அவள் கடிக்க.

உங்கள் தையல்காரி


மே 16

தையல்காரிக்கு, அவசரம்.

இந்தக் கடிதம் குழந்தைகள் அறையிலிருந்து வராந்தாவைத் தாண்டினால் போதும். பால் கொடுக்க வந்த பட்டன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுடைய மூத்தவன் என் தோளில் தூங்குகிறான், இளையவன் என் மஞ்சள் சுவரை நக்கிக்கொண்டிருக்கிறான். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

பொம்மையின் காலைக் கடித்துக்கொண்டிருந்த முதலாளியம்மா, இப்போது என் விரலைக் கடித்தாள். வலித்தது! கொப்புளம் கடிக்காது. ஸ்பூனால் தொட்டேன், 'டிக்' என்றது. இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் காட்டவில்லை. முதலில் நீதான் பார்க்க வேண்டும்.

உன் ஆயா


(அதே தாளின் பின்புறம்)

மெஷினை நிறுத்திவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அவள் வாயை மூட விடாதீர்கள், இதோ வந்துவிட்டேன்.