மீன்தொட்டிக்குக் கனடா நேரம்

ஜூன் 9, ஞாயிறு. கொக்குவில்.

உப்புநீர் மீன்தொட்டியின் விளக்கு நேரம் இன்றுதான் ஒழுங்குக்கு வந்தது. தொட்டியை வாங்கித் தந்துவிட்டு ரொறன்ரோ திரும்பிய மகன், விளக்கு தானாக எரிந்து அணையும்படி தன் கைபேசியில் நேரம் வைத்திருந்தான். மாலை ஐந்தரைக்கு எரிந்து நடுச்சாமம் தாண்டித்தான் அணையும். பகலில் யன்னல் வெளிச்சம் வேறு. கல்லெல்லாம் பாசி, மீன்களுக்கு ஓய்வில்லை. ஞாயிறுகளில்தான் அவன் அழைப்பான். இன்று கண்டித்துச் சொன்னேன்.

"ஐயோ அம்மா, அது கனடா நேரத்திலை நிக்குது!" என்று சிரித்தான். "நான் எழும்பேக்கைதான் உங்கடை மீனுக்கும் விடியுது."

"மீன் இருக்கிறது கொக்குவிலிலை. உடனை மாத்து."

"ஓம் ரீச்சர்."

மாற்றிவிட்டான். இனிக் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரைதான். இப்போது தொட்டி இருட்டாக இருக்கிறது. மீன்கள் கல்லோரம் அசையாமல் கிடக்கின்றன. அதுதான் முறை.

ஆனாலும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அப்படியே விட்டிருந்தால், மாலையில் விளக்கு எரியும்போதெல்லாம் அவன் எழும்பிவிட்டான் என்று கேட்காமலே அறிந்திருப்பேன். நானாக அழைக்கும் பழக்கம் எனக்கில்லை. திருப்பி மாற்றச் சொல்லவும் வாய் வராது.

பாசி கூடாது என்பதும் உண்மைதான்.