மஞ்சள் வாத்தின் அளவு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நமது நாட்டு ரக்பி அணியின் இருபத்து மூன்றாம் எண் வீரருடைய வலது காலுறையில் ஓட்டை விழுந்துவிட்டது. கட்டைவிரல் நலமாக வெளியுலகத்தைப் பார்வையிடுகிறது.

அடுத்தது சில்லறைச் செய்தி. வெளிநாட்டுக்கு வந்து ஆடின முதல் ஆட்டத்துல தோத்துட்டோம், 61-3. எங்க பெட்டியெல்லாம் வேற ஏதோ ஊருக்குப் பறந்துடுச்சு. எதிரணி இரக்கப்பட்டுக் குடுத்த பழைய பனியனைப் போட்டுக்கிட்டு அவங்ககிட்டயே உதை வாங்கினோம். எல்லாருக்கும் தோல்வி, கூடவே தோள் வலி.

ஆனா உன் தம்பி தனி. சாப்பாட்டு மேஜையில எல்லாரும் கைதட்ட, கேப்டனே எழுந்து வந்து அணியோட மஞ்சள் வாத்து பொம்மையை என் கையில குடுத்தார். ஆட்டத்துக்கு ஒருத்தருக்குத்தான்! அடுத்த ஆட்டம் வரைக்கும் அது என்கூடத்தான் சாப்பிடும், தூங்கும், பஸ்ல வரும். வாத்தியாரைக் கண்டா ஓடினவன், வாத்தைக் கட்டிக்கிட்டுத் திரியறேன்.

பரீட்சையை விட்டுட்டு வந்ததுக்கு அப்பா இன்னும் மௌன விரதம்தானா? வாத்து விஷயத்தை அவர் காதுல விழற மாதிரி படி.

உன் புகழ்பெற்ற தம்பி

ஜூன் 9

டேய் வாலு,

முதல்ல நகத்தை வெட்டு, அப்புறம் காலுறையைப் பத்திப் பேசு.

உன் மெயிலை ஆபீஸ்ல அச்செடுத்து நம்ம சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பா டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டிருந்தார். "எனக்கெதுக்கு?"ன்னார். காத்தடிக்க வந்தவருக்குப் படிக்கிற மாதிரி சத்தமாப் படிச்சேன். வாத்து வந்ததும் அப்பா கை நின்னுடுச்சு. சாயங்காலம் பார்த்தா, செயின் மாட்டுற ஆணியில உன் கடிதம் தொங்குது. வர்றவங்ககிட்டயெல்லாம், "ஆட்டத்துக்கு ஒருத்தருக்குத்தானாம்"ங்கிறார். ஃபோன்ல பேசறீங்களான்னு கேட்டா மட்டும் ஸ்பேனரைத் தேடறார்.

அது சரி, வாத்தை எதுக்குக் குடுக்கிறாங்கன்னு எழுதவே இல்லையே?

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாவது ஆட்டம் 48-0. ஒரே மழை. ரெண்டு பேருக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு, பஸ் டிரைவருக்குப் பொறுமை போச்சு. எனக்கு? மறுபடியும் வாத்து! தொடர்ந்து ரெண்டு தடவை வாங்கினது சரித்திரத்துலயே நான்தானாம். "உன் ஓட்டத்தைச் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்"ன்னு கோச்சே சொன்னார். அதையும் ஆணியில மாட்டச் சொல்லு.

உன் கேள்வி கிடைத்தது. இங்கே மழை அதிகம்.

சரித்திரத் தம்பி

ஜூன் 20

டேய்,

மழைக்கு அப்புறம் ஒதுங்கலாம், இதைக் கேளு. அப்பா மூணு நாளா பழைய ஸ்போக் கம்பியெல்லாம் சேர்த்து வெல்டிங் பண்ணிப் பத்த வைக்கிறார். கடை வாசல்ல வாத்துக்கு ஸ்டாண்டாம். நீ அதை வீட்டுக்கே கொண்டுவந்துடுவேன்னு அவரா முடிவு பண்ணிட்டார். நேத்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, "இதையும் சேர்த்து அனுப்பு"ன்னார். அப்படியே அடிச்சிருக்கேன்:

"வாத்தின் உயரம், அகலம் எழுது. குளிரில் தலையைத் துடை. அப்பா."

ரெண்டு மாசத்துல உனக்குன்னு அவர் எழுதின முதல் வரி. பார்த்து எழுது.

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

தலையைத் துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஸ்டாண்டை நிறுத்திடுங்கப்பா. அந்த வாத்து பரிசு இல்ல. ஆட்டத்துலயே மகா சொதப்பல் யார் பண்ணினாங்களோ, அவங்க தலையில கட்டுற தண்டனை.

முதல் ஆட்டத்துல நான் களத்துலயே இறங்கல. பெஞ்சுல போரடிச்சு, பக்கத்துல இருந்த மலை மாதிரி ஆளோட ரெண்டு ஷூ லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அந்த நிமிஷம் பார்த்துக் கோச் அவரைக் கூப்பிட்டார். எழுந்தார், விழுந்தார்.

ரெண்டாவது ஆட்டத்துல நிஜமாவே அறுபது மீட்டர் ஓடினேன். பாய்ஞ்சு பந்தைத் தரையில அமுக்கிட்டு, எழுந்து டான்ஸும் ஆடினேன். எந்தக் கோட்டைத் தாண்டி அமுக்கினா புள்ளியோ, அந்தக் கோடு இன்னும் அஞ்சு மீட்டர் தள்ளி இருந்துச்சு. சேத்துல தெரியல. எதிரணிக்காரர் பந்தை எடுத்துக்கிட்டு, "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு ஓடினார்.

அக்கா படிச்சுக் காட்டறப்ப நீங்க கேட்டா போதும்னுதான் அளந்துவிட்டேன். நீங்க கம்பியைப் பத்த வைப்பீங்கன்னு நினைக்கல.

திட்டணும்னா அக்காகிட்டச் சொல்லி விடாதீங்க. உங்க கையாலயே எழுதுங்க, நீளமா.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை. ஆள் இல்லாததால என்னை ஆட்டம் தொடங்கும்போதே இறங்குற முதல் பதினைஞ்சு பேர்ல போட்டிருக்காங்க. அதுல வாத்து யாருக்குப் போகுதோ, அவங்களுக்கே சொந்தம். என்னால முடிஞ்ச வரைக்கும் வேற யார்கிட்டயாவது தள்ளப் பார்க்கிறேன்.

எதுக்கும் இருக்கட்டும்: உயரம் ஒன்பது அங்குலம், அகலம் ஆறு.

உங்கள் மகன்