பிடியரிசிப் பள்ளிக்கூடத்தில் அப்பா திதி

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
கொல்லம் 1114 ஆனி 20.

சிரஞ்சீவி நாகேஸ்வரனுக்கு அம்மா சூடாமணி மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் ராஜமணியும் மாப்பிள்ளையும் தெய்வ கிருபையால் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பினாங்கில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். குழந்தைக்குப் பல் முளைத்ததை எழுதினாய், மேலேயா கீழேயா என்று எழுதவில்லை. மேலே முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம், நாகர்கோவிலிலிருந்து மருமகளின் அண்ணன் ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் நிம்மதிக்காவது ஒரு வரி எழுது. ராஜமணிக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, மசக்கை தீர்ந்து இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். இந்த வருஷம் மழை விடாமல் பெய்கிறது, பின்கட்டில் ஓடு மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது, மற்றபடி கடையை அவர் ஒழுங்காகத்தான் நடத்துகிறார்.

இனி நீ என்னிடம் ஒப்படைத்த காரியம். சாலைக் கடைத்தெருவைக் கூட்டுகிற நம் தமிழ்ச் சனங்கள் ஆற்றோரத்தில் தங்கள் குடியிருப்பிலே ஓலைக்கொட்டகை போட்டு அவர்களே பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள் என்று ராஜமணி உனக்கு எழுதினாலும் எழுதினாள், நீ அங்கே உங்கள் தமிழர் சங்கத்தைக் கூட்டி உதவிக்கு ஆள் சேர்த்துவிட்டாய். ஆளுக்கு ஒரு நாள், அவரவர் தாய் தகப்பன் திதியன்று அந்தப் பிள்ளைகளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு என்று திட்டம் போட்டு, முதல் நாளாக அப்பாவின் திதியை வைத்து, கிட்ட நின்று நடத்த என்னை நியமித்து எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன், மறைப்பானேன். கப்பலேறி வரமுடியாத பிள்ளை அங்கிருந்தே தகப்பனுக்கு இப்படி ஒன்றைச் செய்கிறானே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. கடையிலிருந்து நல்ல அரிசி, பயறு, வெல்லம் எல்லாம் எடுத்து ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு ராஜமணியோடு அங்கே போனேன்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்பது உனக்குத் தெரியவேண்டும். வீட்டுக்கு வீடு உலை வைக்கிறபோது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள், அதைச் சேர்த்து மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். வாத்தியார் சத்தியதாஸ், அவர்களிலேயே ஏழாம் வகுப்புப் பாஸ் செய்தவன், அந்தப் பள்ளிக்கூடம் அவன் ஒருவனால் நிற்கிறது. அரிசி சேர்க்கிற பெண்களுக்குத் தலைவி தாசம்மாள். நம் தெருவைக் கூட்டுகிறவள்தான், அவள் குரல் உனக்கு நினைவிருக்கும், இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும். நான் சாப்பாட்டு விவரத்தைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாசம்மாள், சோறு வேண்டாம்மா, கஞ்சிக்கு எங்க அரிசி மதி, அதுவே போதும், என்றாள். எனக்கு வந்ததே கோபம். கடல் தாண்டி வருகிற தர்மம் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாகப் போயிற்றா என்று கேட்டேன், ராஜமணி கையைப் பிடித்து இழுக்க இழுக்க இன்னும் நாலு வார்த்தை கூடவே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள், அதனால் திதிச் சாப்பாடு ஆகாதோ என்று வழியெல்லாம் புலம்பினேன். அங்கே பாதிக்குமேல் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள், காரணம் அது இல்லை என்று ராஜமணி சொன்னாள். அவளுக்கும் காரணம் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தாசம்மாள் நம் தெருவைக் கூட்ட வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் தெளித்தேன். அவளாகவே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்று சொன்னாள். கோவிச்சுக்காதியம்மா, சாலையில ஒரு பெரியவிய செத்துச் சங்கு ஊதினா எங்க பிள்ளைய சிலேட்டைப் போட்டுட்டு ஓடும், இன்னைக்குச் சங்குன்னா பதினாறாம் நாள் சோறுன்னு அதுவளுக்குத் தெரியும், எச்சி எலைக்குப் பக்கத்துல காலையிலேயே போய் நிக்கும், அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் நாங்க ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட ஆரம்பிச்சோம், இப்ப நீங்க திவசத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே கொண்டாரிய, பின்னே அதுவ அடுத்து யாரு சாவான்னு பாத்துட்டுல்லா இருக்கும், என்றாள். அப்பாவின் பதினாறாம் நாளையும் சொன்னாள். நீங்க வயிறு நிறையத்தான் போட்டிய, குத்தம் சொல்லல, அன்னைக்கும் பள்ளிக்கூடம் அடைச்சுத்தான் கிடந்துது, என்றாள். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன்.

அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் சத்தியதாஸ் விஷயம் வெளியே வந்தது. பீருமேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவனைக் கணக்கெழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் தாயாரோ படுத்த படுக்கை. இவர்கள் கொடுக்கிறதில் மருந்து வாங்கவே போதவில்லை, அவன்மேல் தப்பே சொல்ல முடியாது. அவன் போய்விட்டால் வேறு ஆள் வரமாட்டான், மேல்சாதி வாத்தியார் யாரும் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டான், பிள்ளைகள் மறுபடி கடைத்தெருவுக்கு வந்துவிடும். வாத்தியாருக்கு ஒரு சம்பளம் கிடைத்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்கிறாள். சம்பளத்தோடு கஞ்சிக்கும் சேர்த்தே பினாங்கில் கேட்கிறேனே என்றேன். அதற்கும் வேண்டாம் என்றாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முந்தாநாள் திதி. காலையில் வீட்டில் ஐயரை வைத்துச் செய்யவேண்டியதை ஒரு குறையும் வைக்காமல் செய்தோம், உனக்குப் பதிலாக உன் சித்தப்பா மகன் வந்து எள்ளும் தண்ணீரும் விட்டான், காகமும் சோற்றை எடுத்தது. எல்லாம் முடிந்தபிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நீ அத்தனை ஆசையாக எழுதிய காரியம் நடக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருவரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்த ஒருத்தி தலைச்சும்மாட்டைக்கூட எடுக்காமல் சத்தியதாஸைப் பிடித்துக்கொண்டு, எம் பொண்ணுக்கு இன்னும் கழித்தல் வரலியே, நீரு என்னவே சொல்லிக் குடுக்கேரு என்று சத்தம் போட்டாள், அவன் தலையைக் குனிந்துகொண்டு இந்த வாரத்தில் வந்துவிடும் என்றான். கஞ்சி அரிசியை ஏன் விடமாட்டோம் என்றார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அரிசி எங்கிருந்தோ வந்தால் அந்தக் குரல் அவளுக்கு வராது.

என்னைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து நின்றார்கள். தாசம்மாள் மட்டும், நல்ல கஞ்சி நேரத்துக்கு வந்திருக்கிய, குடிக்கமாட்டியன்னு கேக்கல, என்றாள். கேட்காமலே உனக்கு எப்படியடி தெரியும் என்று என் வாய் முந்திக்கொண்டது. சொன்னபிறகு பின்வாங்க முடியுமா. மண்சட்டியில் கஞ்சி ஊற்றி, பலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கையில் கொடுத்து, ஓரத்தில் மிளகாய்த் துவையல் வைத்தார்கள். பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தேன். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன், பொய் சொல்லமாட்டேன், நான் வளர்ந்த விதம் உனக்குத் தெரியும். காலையிலிருந்து வெறும் வயிறு வேறு. குடிக்கக் குடிக்க அப்பா நினைவு வந்து கண்ணீர் கஞ்சியில் விழுந்தது, உறைப்பு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்து முகம் சுருங்கியிருக்கிறது, இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. ராஜமணி என் பக்கம். தெருவில் பேசுவார்கள், பேசட்டும், எனக்கும் வாய் இருக்கிறது.

ஆகவே நீ உன் சங்கத்தில் இப்படிச் சொல். சாப்பாட்டுத் திட்டத்தை விட்டுவிடுங்கள், ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மாதம் சத்தியதாஸின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அன்னதானத்தில் உள்ள புண்ணியம் சம்பளத்தில் உண்டா என்று உங்கள் சங்கத்திலிருக்கிற ரைஸ்மில் முதலாளி கட்டாயம் கேட்பார். எனக்குச் சாஸ்திரம் தெரியாது என்று நான் சொன்னதாகச் சொல், ஆனால் அவருடைய தகப்பனார் செத்த நாள் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை என்பது மட்டும் தெரியும். அவரவர் நினைவு அவரவர் மனசில் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு சிலர் விலகினாலும் விலகட்டும், நிற்கிறவர்களை வைத்து நடத்து. நான் ஒதுக்கி வைத்த அரிசியையும் வெல்லத்தையும் திரும்பக் கடையில் போட்டாயிற்று, அதை நினைத்து நீ வருந்தாதே. நீ செய்ய நினைத்தது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆடி முடியும்வரை எஸ்டேட்டுக்குப் பதில் எழுதாமல் பொறுத்திருக்கிறேன் என்று சத்தியதாஸ் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். அதற்குமேல் அவனைப் பிடித்துவைக்க எனக்கு நியாயம் இல்லை. அதனால் கடிதம் கண்டதும் சங்கத்தைக் கூட்டு, முதல் கப்பல் தபாலிலேயே முடிவை எழுது, மற்ற விஷயங்களில் செய்கிற மாதிரி இதை ஆறப்போடாதே. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, மருமகளுக்கு இஞ்சிக் கஷாயம் கொடு, குழந்தைக்குச் சுற்றிப்போடு. உங்கள் மூவருக்கும் தீர்க்காயுளும் நல்ல புத்தியும் உண்டாக ஆசீர்வதிக்கிறேன். திதியன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று சங்கத்தில் நிச்சயம் கேட்பார்கள். பிள்ளைகள் ஒருவரும் இல்லை, என் அம்மா ஒருத்திதான் சாப்பிட்டாள், அதுவும் அவர்கள் வீட்டு அரிசி என்று எல்லோர் முன்னாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சூடாமணி.