எதற்கு என்று கேட்காத ஐம்பது

3 ஏப்ரல் 1977, ஞாயிறு. தேரா

காலையிலேயே வளைகுடாப் புழுக்கம். ஜன்னல் விளிம்பில் மணல்.

தீர்ந்தவை: துவரம்பருப்பு, சோப்பு, நீல மை.

ஆபீஸ் கிளம்பும்போது சுதா மூன்று காசு கேட்டாள். அவள் டைப்பிஸ்ட் வேலை கிரீக் என்கிற கடற்கழியின் அக்கரையில். தினமும் இரண்டு காசு கொடுப்பேன். அப்ரா படகில் போக ஒன்று, வர ஒன்று. மூன்றாவது எதற்கு என்றேன்.

படகுக்காரருக்குக் கடனாம். நேற்று மதியம் பசி, திரும்பி வர வைத்திருந்த காசுக்குச் சமோசா தின்றுவிட்டாள். மாலை படித்துறையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். கடைசியில் ஒரு கிழவர், நாளைக்குக் கொடு தங்கச்சி என்று இந்தியில் சொல்லி ஏற்றிக்கொண்டாராம்.

"ஆபீஸ்ல யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"சம்பளக் கவரைப் பிரிக்காம உங்க கையில குடுக்குறேன். சமோசாவுக்கு ஊரான்கிட்ட கை நீட்டணுமா?"

நான் எம்.ஏ. பொருளாதாரம், முதல் வகுப்பு. மூன்று காசை எண்ணிக் கொடுத்தேன்.

5 ஏப்ரல், செவ்வாய்

திருச்சியிலிருந்து அப்பா கடிதம். போன மாதம் நான் அனுப்பிய டிராஃப்டில் நூறு ரூபாய் குறைவு. 'எதற்கு என்று விவரம் எழுதவும்.'

ஹாஸ்டல் நாளிலிருந்து அவருக்குச் செலவுக் கணக்கு எழுதி வருகிறேன். முடிவெட்டியது, தபால்தலை, வாழைப்பழம்.

கடிதத்தைச் சுதாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"மாமாவுக்கு நீங்க கணக்கு சொல்லணும். உங்களுக்கு நான். எனக்குக் கீழதான் யாருமில்ல. ஒரு பூனையாவது வளக்கணும்."

சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

மாலை எங்கள் இரண்டு சம்பளக் கவரும் மேஜைமேல். முதல் தடவையாக அவளும் எண்ணினாள். வாடகை, டிராஃப்ட், மளிகை, ஊர் டிக்கெட்டுக்கு ஒரு பங்கு. பிறகு ஆளுக்கு ஐம்பது திர்ஹாம்.

"இது எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"நீயும்தான்."

"நான் என்னிக்குக் கேட்டேன்?"

அப்பாவுக்குப் பதில்: நலம். நூறு குறைந்தது உண்மை. அவ்வளவுதான். ஒட்டிய பிறகும் உறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

8 ஏப்ரல், வெள்ளி

லீவு. துணி துவைத்தல். மீன்.

சுதா தனியாகக் கடைத்தெரு போய் வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். நேரே அலமாரிக்குள். சின்னதுமில்லை பெரியதுமில்லை.

"குழம்புல உப்பு கம்மி" என்றேன்.

"கேட்டுடுங்க. இல்லாட்டி உங்களுக்கு வயித்த வலிக்கும்."

"கேக்கல."

"நெசமா?"

"நெசமா."

வயிறு லேசாக வலித்தது.

என் ஐம்பது சட்டைப்பையில், செவ்வாய்க்கிழமை மடித்த மடிப்போடு. ஒரு பேனா விலை கேட்டேன். பழைய பேனா நன்றாகத்தானே எழுதுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி வைத்துவிட்டேன்.

10 ஏப்ரல், ஞாயிறு

காற்று. புழுக்கம் குறைவு.

ஆபீஸ் விட்டதும் படித்துறை. அக்கரையில் எனக்கு எந்த வேலையும் இல்லை. அந்த ஐம்பது நோட்டை மாற்றி அப்ராவில் ஏறினேன். போனேன், வந்தேன். மறுபடி போனேன். மூன்றாம் தடவை படகுக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். பலகையில் நகர்ந்து இடம் விட்டார்.

வீட்டுக்கு வர ஏழரை. சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். சுதா சட்டையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். வாய் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.